ததேயு திருநாள் மெழுகுதிரி

கையில் கொடுத்தது பூ. பூவை உதிர்ப்பது ஒரு வேலையா, அதற்குப் போய் மனசு இந்தப் பாடு படுத்துகிறதே என்று ரெஜினாளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலோடு அடுத்த பூவை எடுத்தாள், காம்பைத் திருகினாள், இதழ்களைக் கூடையில் உதறினாள். கேந்திப்பூ, செண்டுமல்லி என்றும் சொல்வார்கள். தோவாளைச் சந்தையில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்குமே, அதே கேந்தி, அதே பச்சை நெடி, விரலில் அதே மஞ்சள் கறை. மெக்சிகோ என்று ஒரு தேசம், அதில் சோலூலா என்று ஓர் ஊர், அங்கே மகளைக் கட்டப்போகிறவன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கேந்திப்பூ உதிர்ப்போம் என்று யாராவது சொல்லியிருந்தால் போடா கிறுக்கா என்றிருப்பாள். வருகிற சனிக்கிழமை டெல்பினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ரமீரோ அவளோடு ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிறவன், கண்ணைப் பார்த்துப் பேசுகிற பையன், நம்மைப் போல மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரன் வேறே, பிறகென்ன குறை. குறை ஒன்றுமில்லை. கல்யாணத்துக்கு வந்த பெண்ணின் தாயைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் செத்தவர்களுக்குப் பூ உதிர்க்கச் சொல்கிறார்களே, அதுதான் கொஞ்சம் உதைக்கிறது. இன்றைக்கு நவம்பர் ஒன்று. உச்சிப்பொழுதுக்குக் கோவில் மணி அடிக்குமாம், அடித்ததும் இந்த வீட்டில் செத்துப்போன பெரியவர்கள் எல்லாரும் வருவார்களாம், ஒரு நாள் இருந்து சாப்பிட்டுவிட்டு நாளைக்குப் போவார்களாம். தெருவாசலிலிருந்து உள்ளறை வரைக்கும் இந்த இதழ்களைத்தான் பாதையாகத் தூவப்போகிறார்கள். வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டுமல்லவா. தெரியட்டும், யாருக்கு என்ன நஷ்டம், அவரவர் வீட்டுச் செத்தவர்கள், அவரவர் பாடு. உதிர்த்துக் கொடுப்பது ஓர் ஒத்தாசை, அவ்வளவுதான்.

ஆனால் உள்ளறைப் பக்கம் மட்டும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். படிப்படியாக அடுக்கிய மேசை, மேலே மாதா, கீழே சம்மந்தி எலோடியாவின் புருஷன் அன்செல்மோ மீசையோடு சிரிக்கிறான், அவன் முன்னால் ஒரு குப்பி சாராயம், ஒரு பெட்டி சிகரெட். நம்ம ஊர்ச் சுடலைமாடனுக்குப் படைக்கிற கணக்கில் இருக்கிறது, பங்குச்சாமியார் பார்த்தால் மயக்கம்போட்டு விழுவார் என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கண் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. மேசையின் ஓரத்தில் ஒரு சட்டம் போட்ட படம் கவிழ்ந்து கிடந்தது. புதுச் சட்டம். எடுத்துப் பார்க்கவே வேண்டாம். டெல்பின் போனில் வைத்திருக்கிற அப்பா படம், குளச்சலில் ஸ்டுடியோவில் போய் எடுத்தது, முழுக்கைச் சட்டையும் சீவின தலையும். மகள் கொடுத்திருக்கிறாள், சம்மந்தி அச்சுப்போட்டுச் சட்டம் அடித்திருக்கிறாள், அடித்துவிட்டு நிமிர்த்தி வைக்க மனமில்லாமல் கவிழ்த்து வைத்திருக்கிறாள். ரெஜினாள் சொல்லட்டும் என்று. “நீ சரின்னு சொன்னாத்தான் வைப்பாங்க அம்மா, இல்லன்னா வைக்க மாட்டாங்க. உயிரோட உள்ளவங்க படத்த இதுல வைக்கப்பிடாதுன்னு இங்கயும் சொல்லுவாங்க” என்று நேற்று டெல்பின் சொன்னாள். பார்த்தாயா, இவர்களுக்கே தெரிந்திருக்கிறது. உயிரோடு இருக்கிறவர் படத்தை வைக்கக் கூடாது. பிறகு எதற்குச் சட்டம் அடித்தார்களாம்.

ஊரில் அந்தப் புயல் அடித்தபோது கடலில் இருந்தவர்கள் எத்தனையோ பேர். சிலர் உடம்பாக வந்தார்கள், சிலர் உயிராக வந்தார்கள், டெல்பின் அப்பா எப்படியும் வரவில்லை. வள்ளம் வரவில்லை, பலகை வரவில்லை, ஒரு செருப்புக்கூட வரவில்லை. ஊரில் எல்லாரும் கொஞ்ச நாள் பார்த்தார்கள், பிறகு கோவிலில் ஒன்றாகப் பூசை வைத்தார்கள், ஆளுக்கொரு படம், ஆளுக்கொரு மாலை. ரெஜினாள் அன்றைக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிப்போய்ச் சந்தையில் சும்மா சுற்றிவிட்டு விளக்கு வைத்த பிறகு திரும்பினாள். போகாமல் என்ன செய்வது. பக்கத்து ஊரில் ஒருத்தனுக்குப் பூசையும் வைத்து, பெண்டாட்டி தாலியையும் கழற்றின பிறகு, அவன் எங்கோ தீவுப்பக்கம் ஒதுங்கி, மருந்து மாத்திரை சாப்பிட்டுத் தேறி, தாடியும் மீசையுமாக வந்து நின்றான். இது கதை இல்லை, அவளே போய்ப் பார்த்தாள். அந்தப் பெண்டாட்டி முகத்தில் சந்தோஷத்தோடு கூடவே ஒரு பயம் இருந்தது, செய்யக்கூடாததைச் செய்துவிட்ட பயம். அந்த முகம் ரெஜினாளுக்கு மறக்கவில்லை. கடல் என்ன செய்ததோ கடலுக்குத்தான் தெரியும். படத்துக்கு மாலை போட்டால் அந்த நிமிஷம் அவரைக் கொன்றது கடல் இல்லை, போட்ட கை. அந்தக் கை என் கையாக இருக்காது என்று வைராக்கியமாக இருந்துவிட்டாள். கல்லறைத் திருநாளுக்கு ஊரே வெள்ளையடித்து, பூவும் திரியுமாகக் கல்லறைத் தோட்டத்தில் கூடும்போது அவள் மட்டும் கடலோரக் குருசடியில், அந்தச் சிலுவையின் காலடியில் போய் உட்கார்ந்திருப்பாள். பைத்தியம் என்றார்கள். பிடிவாதக்காரி என்றார்கள். சொன்னவர்கள் வாயெல்லாம் இப்போது ஓய்ந்துவிட்டது, அதுதான் இன்னும் கஷ்டம்.

ஒரு சொல் போதும் மனுஷனைக் கொல்ல. டெல்பினுக்குக் காலேஜில் ஏதோ சலுகை கேட்டுப் போன இடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே “அப்பா லேட்டா?” என்றார். ஆமா சார், லேட்டுதான், வந்திருவாரு என்றாள் ரெஜினாள். அறையில் இருந்தவர்கள் எல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். டெல்பின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்து மரத்தடியில் வைத்து அர்த்தம் சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். செத்தவனுக்கு லேட் என்று பெயர் வைத்தவன் யாரோ, அவன் வீட்டில் யாரும் காத்திருந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. அப்புறம் அந்தச் சொல் விட்டதா. கல்யாணக் கார்டு அடிக்கும்போது மறுபடி வந்தது. அச்சுக்கூடக்காரன் ‘காலஞ்சென்ற’ என்று போட்டுக் காட்டினான், ரெஜினாள் அதை வெட்டு என்றாள், வெட்டிவிட்டு வெறும் பெயரைப் போடு என்றாள். அவன் போட்டான். ஊரில் கார்டை வாங்கினவர்கள் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மடித்து வைத்தார்கள். காலம் யாருக்குத்தான் செல்லவில்லை. எனக்கும்தான் சென்றிருக்கிறது, முன்மண்டை முழுக்க நரைத்துவிட்டது. டெல்பினுக்குச் சென்றிருக்கிறது. அவருக்கு மட்டும் செல்லாமல் அந்த முழுக்கைச் சட்டையிலேயே நிற்கிறார். இப்போது வந்தால் என்னை அடையாளம் தெரியுமோ என்னமோ.

பூ தீரவில்லை, எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. எதிரே எலோடியா ஒரு பலகையில் உட்கார்ந்து அவளும் உதிர்த்துக்கொண்டிருந்தாள். பெரிய உடம்பு, நரைத்த ஒற்றைப் பின்னல், மடியில் ஏப்ரன். ரெஜினாளை ரெஹினா என்றுதான் கூப்பிடுவாள், அவள் நாக்கு அப்படி. பாஷை தெரியாத இரண்டு பேர் எப்படி வேலை செய்வார்களோ அப்படி வேலை செய்தார்கள், கண்ணாலும் கையாலும். தூரத்தில் ஓர் எரிமலை உச்சியில் புகை விட்டுக்கொண்டிருந்தது. அதுதான் இந்த ஊருக்குப் பெரிய அதிசயம், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் காட்டுகிறார்கள். ரெஜினாளுக்கு அதிசயமாக இருந்தது வேறொன்று. இங்கே கடல் இல்லை. சத்தமே இல்லை. வந்த அன்று ராத்திரி, புயலுக்குப் பிறகு முதல் முறையாக, ஒரு தடவைகூட எழுந்திருக்காமல் விடியும் வரை தூங்கினாள். எழுந்ததும் வெட்கமாகப் போயிற்று. காவல் இருக்க வேண்டியவள் கடமையில் தூங்கிவிட்ட மாதிரி. அங்கே அலை விழுகிற ஒவ்வொரு தடவையும் காது போய்ப் பார்த்துவிட்டு வரும், யாராவது கரை ஏறுகிற சத்தமா என்று. இங்கே காதுக்கு வேலை இல்லை. இந்த மேட்டு நிலத்துக்கு அவர் எப்படி வருவார் என்று நினைத்தாள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். எப்படி வருவார் என்றால் என்ன அர்த்தம். உயிரோடு இருக்கிறவர் வர வேண்டுமானால் பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும், மூன்று பிளேன் மாற வேண்டும். செத்தவர்கள்தான் பூப் பார்த்து வருவார்கள். இந்தப் புத்தி எந்த வழியில் போகிறது பார், விட்டால் தானாகவே படத்தை நிமிர்த்தி வைத்துவிடும்.

அப்போதுதான் எலோடியா பூவை வைத்துவிட்டுத் தெருவாசல் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே கதவோரம் தரையில் ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி எரிந்து அணைந்த மெழுகுதிரி இருந்தது, பக்கத்தில் வாடின வெள்ளைப் பூ. அதைக் காட்டி, ரெஜினாள் கழுத்துத் தாலியைக் காட்டி, ஏதோ சொன்னாள். அதில் மார், மார் என்று இரண்டு தடவை வந்தது. மாரா. ரெஜினாள் குனிந்து தன் மாரைப் பார்த்தாள். மார்வலி என்கிறாளோ. மாரடித்து அழு என்கிறாளோ. கரையில் எல்லாப் பெண்களும் மாரில் அடித்து அழுதபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்து, இவ்வளவு காலம் கழித்து, கடல் கடந்து வந்த இடத்தில் ஒருத்தி கேட்கிறாளோ. எலோடியா கையை மேலும் கீழுமாக அசைத்துக் காட்டினாள், அலை மாதிரி. ஓ, கடலா. இவர்களுக்குக் கடல் மாராம். கடலும் என் புருஷனும் அந்தத் திரியும் ஒரே வாக்கியத்தில் எப்படி வந்தன. அது சாமித் திரி. அக்டோபர் இருபத்தெட்டு, புனித யூதா ததேயு திருநாள். டெல்பின் அப்பாவுக்கு ததேயூஸ் என்று பெயர் வைத்ததே அந்தத் திருநாளில் பிறந்ததால்தான். இந்த ஊரில் கைவிட்ட காரியங்களுக்கெல்லாம் அந்தப் புனிதர்தான் என்று பஸ்ஸில், கடையில், கழுத்துச் சங்கிலியில் எங்கு பார்த்தாலும் பச்சை அங்கி போட்ட அவர் படம், பார்த்துப் பார்த்து அவள் பூரித்துப்போயிருந்தாள். அன்றைக்கு எலோடியா வாசலில் திரி ஏற்றப் போகும்போது தீப்பெட்டியை ரெஜினாள் கையில் கொடுத்தாள். திருநாளுக்கு நம்மையும் சேர்த்துக்கொள்கிறாளே என்று ஏற்றி, தரையில் முட்டுக்குத்தி, முழுச் செபமாலையும் சொன்னாள்.

கலர் கலராக ஏதோ காகிதத் தோரணத்தைக் கட்டிக்கொண்டிருந்த மகளை அவள் கூப்பிட்டாள். “மக்களே, இஞ்ச வா. அந்தத் திரி யாருக்கு ஏத்துனது?” டெல்பின் திரியைப் பார்த்தாள், எலோடியாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்க்கவில்லை. “சாமிக்குத்தானே?” என்றாள் ரெஜினாள். டெல்பின் பக்கத்தில் வந்து குந்தினாள். “அம்மா, அண்ணைக்கி இவங்களுக்கு வேற நாளு. நோய்ல போகாம, திடீர்னு போனவங்க இருக்காங்கல்லா, விபத்துல, தண்ணியில… அவங்க வாற நாளு. அவங்க அலைஞ்சிக்கிட்டு வருவாங்களாம். அதனால உள்ள கூப்பிட மாட்டாங்க, வாசல்ல ஒரு திரி வைப்பாங்க. அப்பாவுக்குன்னுதான் வச்சாங்க. உனக்குத் தெரியும்னு அவங்க நெனச்சிட்டாங்க.” “நீ சொல்லல்ல.” “நீ முட்டுக்குத்தி செபம் சொல்லிட்டு இருந்த. சந்தோசமா இருந்த. எப்பிடிச் சொல்லுவேன்?” “பொறவு சொல்லியிருக்கலாம்.” “சொல்லியிருக்கலாம்” என்றாள் டெல்பின். கூடையிலிருந்து ஓர் இதழை எடுத்து மடித்துக்கொண்டே, “எனக்கு சனிக்கிழமைக்கு அப்பா வேணும் அம்மா” என்றாள். “உயிரோட வரப்போறதில்ல. எனக்கு அது தெரிஞ்சு ரொம்ப நாளாச்சு. உனக்காகத்தான் தெரியாத மாதிரி இருக்கேன். படமாவாவது வரட்டுமே.” அழவில்லை, குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. எழுந்து மறுபடி தோரணம் கட்டப் போய்விட்டாள்.

கோபம் வர வேண்டும், வரும் என்று ரெஜினாள் காத்திருந்தாள். ஏமாற்றிவிட்டார்கள், இல்லை, யாரும் ஏமாற்றவில்லை, தீப்பெட்டியைக் கொடுத்தார்கள், கிழித்தது நான். என் கைதான். இருக்காது என்று இத்தனை காலம் ஒளித்து வைத்திருந்த கை, ஒரு திருநாள் சந்தோஷத்தில் தானாகவே போய் ஏற்றிவிட்டது. அப்படியானால் அன்றைக்கே முடிந்துவிட்டதா. தெரியாமல் செய்தது கணக்கில் வருமா. விளையாட்டாகக் கட்டினாலும் தாலி தாலிதானே. இல்லை, சாமிக்கு என்று நினைத்து ஏற்றினால் சாமிக்குத்தான் போய்ச் சேரும், நினைப்புத்தான் பெரிது. சேருமா. உதிர்த்த பூவையே மறுபடி எடுத்து வெறும் காம்பைத் திருகிக்கொண்டிருந்தாள். மகள் சொன்னது காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்றது. எனக்காகத் தெரியாத மாதிரி இருக்கிறாளாம். நான் அவருக்குக் காவல் இருக்கிறேன் என்று நினைத்தேன், இவள் எனக்குக் காவல் இருந்திருக்கிறாள். அப்பன் செத்தான் என்று வாய்விட்டு அழக்கூட அந்தப் பிள்ளைக்கு நான் இடம் கொடுக்கவில்லை. எலோடியா எழுந்து அடுக்களைக்குள் போனாள். காலையில் இவர்கள் சாப்பாடு வாய்க்குப் பிடிக்காமல் ரெஜினாள் தனக்கும் மகளுக்குமாகச் சோறு வடித்து, கடை மீனில் தேங்காய் அரைத்து ஒரு குழம்பு வைத்திருந்தாள், ஐஸ் மீன், ருசி மட்டம்தான். எலோடியா ஒரு மண்கிண்ணத்தில் அந்தச் சோற்றையும் குழம்பையும் எடுத்துக்கொண்டு அவள் முன்னாலேயே வந்து நின்றாள். உள்ளறை மேசைப் பக்கம் காட்டிக் கண்ணால் கேட்டாள். நடுத்துண்டு வைக்காமல் வால்துண்டை எடுத்து வைத்திருக்கிறாளே, அவர் வால்துண்டு தின்ன மாட்டாரே என்று ரெஜினாள் நினைத்தாள். பிறகு எழுந்து போய், கையைக் கழுவிவிட்டு, நடுத்துண்டை எடுத்து மாற்றி வைத்தாள்.

பாதை போட்டார்கள். டெல்பினும் எலோடியாவும் ஆளுக்கொரு கூடையோடு குனிந்துகொண்டே போனார்கள், உள்ளறையிலிருந்து முற்றம் வழியாகத் தெருவாசல் வரைக்கும் மஞ்சளாக நீண்டது. ரெஜினாள் தூணைப் பிடித்துக்கொண்டு அந்த அணைந்த திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட மாட்டார்களாம், வாசலோடு சரியாம். அப்படியானால் அன்றைக்கு வந்திருந்தால், வந்திருந்தால் என்றுதான் சொல்கிறேன், வந்தார் என்று சொல்லவில்லை, வந்திருந்தால் இத்தனை நாளும் எங்கே நின்றார். திரியும் அணைந்துவிட்டது. இவர்கள் எல்லாம் உள்ளே மேசை போட்டுக்கொண்டும், பாட்டுப் போட்டுக்கொண்டும், கல்யாணச் சேலையை விரித்துப் பார்த்துக்கொண்டும் இருக்கும்போது, நனைந்த சட்டையோடு, அந்தக் கதவுக்கு வெளியே. யாரும் கூப்பிடாமல் அவர் எந்த வீட்டுக்குள்ளும் கால் வைக்க மாட்டார். சொந்த மச்சான் வீடானாலும் முற்றத்தில் நின்று தொண்டையைச் செருமுவார். நான் வேறு அந்த வழியாகத் தினமும் கடைக்குப் போய் வந்திருக்கிறேன், பையை ஆட்டிக்கொண்டு, ஏறெடுத்தும் பார்க்காமல். உயிரோடு இருந்தால் அவர் அங்கே நிற்கப்போவதில்லை, கூப்பிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. நிற்கிறார் என்றால், நிற்கிறார் என்றால், வந்த மனுஷனை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு நான் எதற்காகக் காத்திருக்கிறேன். ரெஜினாளுக்குப் பயம் வந்தது, புயலன்றைக்குக்கூட வராத பயம். வருவார் வருவார் என்று சொன்ன வாய்க்கு, வந்துவிட்டார் என்றால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

மணி அடிக்கத் தொடங்கியது. இந்த ஊரில் கோவிலுக்குக் குறைவில்லை, ஒன்று தொடங்க இன்னொன்று சேர்ந்துகொண்டு முற்றமெல்லாம் மணிச்சத்தம். எலோடியா கனலில் ஏதோ பிசினைப் போட்டாள், நம் சாம்பிராணி மாதிரி வாசம். தெருக்கதவை அகலத் திறந்து வைத்து, புகையைக் கையில் ஏந்திக்கொண்டு, அவள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். தகப்பனை, தாயை, பிறகு அன்செல்மோ என்று ஒரு கூப்பாடு, தெருக்கோடியில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி, கொஞ்சம் அதட்டலாகக்கூட. முடித்துவிட்டு ரெஜினாளைத் திரும்பிப் பார்த்து ஒதுங்கிக்கொண்டாள். “நம்ம ஆள நம்மதான் கூப்பிடணுமாம்” என்றாள் டெல்பின் மெதுவாக. “இவங்க கூப்பிட்டா அப்பாவுக்குத் தெரியாதாம். பேரச் சொல்லிக் கூப்பிடணும், இல்லன்னா வேற யாராவது வந்துருவாங்கன்னு சொல்லுதாங்க.” பெயரைச் சொல்லியா. கட்டின நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாய் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வாள், சாமியைக் கும்பிடும்போது சொல்வது வேறு, அது சாமி. “நான் கூப்பிடட்டா அம்மா?” என்றாள் டெல்பின். “வேண்டாம், என் சத்தந்தான் தெரியும்” என்றாள் ரெஜினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெளியே வெயில், தெருவில் ஆள் இல்லை. வாயைத் திறந்தபோது அழுகை வரும் என்று பயந்தாள், வந்தது தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு வருகிற குரல்தான்.

“டெல்பினுக்க அப்பா,” என்றாள். “எதுக்கு அங்கயே நிக்கிய? உள்ள வாங்க. சோறு ஆறுது.”

சொல்லிவிட்டு, வருகிறவருக்கு வழி வேண்டுமே என்று, பூவை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.